ஐரோப்பியக் குடியுரிமையாளரை மணந்தவர் வதிவிட உரிமை பெறும் வழி

பாரிஸிலோ டோர்ட்முண்டிலோ வாழும் ஒருவர் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ திருமணம் முடித்துத் திரும்பியதும் கேட்கும் முதற்கேள்வி, பெரும்பாலும் என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்பதாகவே இருக்கிறது. அதற்கு முன்னரே கேட்டுத் தெளியவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கப் போகிறோம்? இதில் தவறிவிட்டால், தேவையில்லாத மொழித் தேர்வுக்குப் படித்து, தேவையில்லாத வருமானச் சான்று தேடி, கட்ட வேண்டாத கட்டணத்தையும் கட்டி, ஓராண்டை வீணாக்கிவிட நேரும்.

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர் தமக்குக் கடவுச்சீட்டு வழங்கிய நாட்டிலேயே வாழ்ந்தால், அவருடைய கணவனையோ மனைவியையோ வரவழைப்பது அந்த நாட்டின் உள்நாட்டுக் குடிவரவுச் சட்டத்துக்கு உட்பட்ட விடயமாகும். அவர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குச் சென்று வாழ்ந்தால், 2004ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட 38ஆம் இலக்கப் பணிப்புரை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் நடைமுறைப்படுத்தவேண்டிய ஒன்றிய விதித்தொகுப்பு) அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பொருந்தும். இது ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும், அவற்றோடு நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது.

இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு பெரியது என்பதற்குப் பெர்லினில் ஒரே தெருவில் வாழும் இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஜேர்மன் குடியுரிமை பெற்ற தமிழர். மற்றவர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கு வேலைக்கு வந்த தமிழர். இருவரும் ஊரிலிருந்து மனைவியை அழைக்கிறார்கள். ஜேர்மன் குடிமகனின் மனைவி, விதிவிலக்குக்குள் வராவிட்டால், புறப்படுவதற்கு முன்னரே ஏ1 எனும் தொடக்க நிலை ஜேர்மன் மொழித் தேர்வில் தேறவேண்டும். பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கு அந்தத் தேர்வே கிடையாது. சொந்த நாட்டுக் குடிமகனுக்கு இல்லாத சலுகை அயல்நாட்டுக் குடிமகனுக்கு இருப்பது நியாயமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒன்றியச் சட்டம் எல்லை கடந்து நடமாடுபவரைப் பாதுகாக்க எழுதப்பட்டது. வீட்டிலிருப்பவரை அது அவருடைய நாட்டிடமே விட்டுவிடுகிறது.

டென்மார்க் 2002இல் கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தபோது, டேனிஷ் குடிமக்கள் பலர் பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோ நகரில் குடியேறி அங்கே துணையோடு வாழத் தொடங்கினார்கள். நெதர்லாந்துக் குடிமக்கள் இவ்வாறே தம் நாட்டின் கடும் விதிகளைத் தவிர்க்கப் பெல்ஜியத்துக்குச் சென்று வாழ்வதற்கு நெதர்லாந்தில் "பெல்ஜிய வழி" என்ற பெயரே நிலைத்துவிட்டது. இவை கள்ள வழிகள் அல்ல. உண்மையாகவே அங்கு வாழ்ந்தால் சட்டம் அதை ஏற்கும்.

இரண்டு கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். இன்னொரு ஒன்றிய நாட்டின் கடவுச்சீட்டு கையில் இருப்பது மட்டும் போதாது. நாடு மாறி வாழ்ந்திருக்க வேண்டும். பிறந்தது முதல் ஒரே நாட்டில் வாழ்ந்தவர், பெற்றோர் வழியாக வேறொரு நாட்டுக் குடியுரிமையும் உண்டு என்று காட்டினாலும், அதை வைத்துப் பணிப்புரையின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று ஒன்றிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. இதற்கு மறுதலையாக, பிரான்ஸிலிருந்து ஜேர்மனிக்கு வந்து வாழ்ந்து, பின்னர் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் ஜேர்மன் குடியுரிமையும் பெற்றவர், அந்தப் புதிய குடியுரிமையால் தம் துணையின் உரிமையை இழப்பதில்லை. 2017இல் வந்த லூனெஸ் வழக்கின் தீர்ப்பு இதை உறுதிசெய்தது.

இனிமேல் சொல்லப்போவது, துணையாக உள்ள ஒன்றியக் குடிமகன் தம் நாடல்லாத உறுப்பு நாட்டில் வாழும் நிலைக்கு உரியது.

திருமணத்தை நிறுவுதல்

கோவிலில் தாலி கட்டிய படங்கள் உறவை விளக்க உதவுமே தவிர, சட்டப்படி திருமணத்தை நிறுவுவது பதிவுச் சான்றிதழ்தான். இலங்கையில் விவாகப் பதிவாளரிடம் பதிந்த சான்றிதழும், தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழும் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதியவேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. இலங்கைச் சான்றிதழைக் கொழும்பிலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும்; இந்தியச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சின் அப்போஸ்தில் முத்திரை (பத்திரத்தை வெளிநாடுகள் ஏற்பதற்கான அத்தாட்சி) பெறவேண்டும். சில நாடுகள் அதற்கு மேலும் தாமாகவே ஊரில் விசாரித்துச் சரிபார்ப்பதுண்டு என்பதால், செல்லும் நாட்டின் தூதரகத்தில் அதன் நடைமுறையைக் கேட்டறிந்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலையைத் தொடங்குவதே நல்லது. மொழிபெயர்ப்பாளர் அந்த நாடு ஏற்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கவேண்டும்.

நம்மவர்களின் கோப்புகளில் சிக்கல் எழும் இடம் பெரும்பாலும் பெயர்தான். தந்தை பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே என்ற வழக்கு ஐரோப்பியப் படிவத்தின் குடும்பப்பெயர்ப் பெட்டிக்குள் சரியாக அமைவதில்லை. ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலிலும், பிரெபெக்சர் (பிரான்ஸின் மாவட்ட நிர்வாக அலுவலகம்) தந்த பழைய அட்டையில் வேறொன்றிலும், இன்றைய கடவுச்சீட்டில் மூன்றாவதொன்றிலும் இருப்பதைக் காணலாம். இதைவிடக் கடினமானது, ஒன்றியக் குடிமகன் பல ஆண்டுகளுக்கு முன் அகதித் தஞ்சம் கோரியபோது கொடுத்த பிறந்த திகதியோ குடும்ப விபரமோ இப்போதைய பத்திரங்களோடு பொருந்தாமல் போவதாகும். அந்தப் பழைய கோப்பு அழிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம். வேறுபாடு இருந்தால், அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன்னரே சத்தியக்கடதாசியோடு விளக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் திருமணம் முறிந்து மறுமணம் செய்தவர் விவாகரத்துத் தீர்ப்பையும், துணையை இழந்தவர் மரணச் சான்றிதழையும் இணைக்கவேண்டும்.

திருமணம் எங்கே, எப்போது நடந்தது என்பது பொருட்டல்ல. துணை முன்னர் வேறொரு உறுப்பு நாட்டில் சட்டபூர்வமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து வைத்திருந்த நிபந்தனையை, 2008 ஜூலை 25இல் வந்த மெட்டொக் தீர்ப்பு செல்லாததாக்கியது. இருவரும் ஒரே பாலினத்தவராக இருந்தாலும், ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி நடந்த திருமணத்தை மற்ற உறுப்பு நாடுகள் வதிவிட உரிமைக்காக ஏற்கவேண்டும் என்று ருமேனியா தொடர்பான கோமன் வழக்கில் 2018இல் தீர்ப்பாயிற்று.

நுழைவு விசா

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்பவருக்கு நுழைவு விசா வேண்டும். இந்த விசாவை இலவசமாகவும், இயன்றளவு விரைவாகவும், துரித நடைமுறையிலும் வழங்கவேண்டும் என்பது பணிப்புரையின் 5ஆம் உறுப்புரை. நான்கு வாரங்களுக்கு மேல் இழுத்தடிப்பது நியாயமல்ல என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2009இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறியது. குறுகியகால விசாவே போதுமானது. நெடுங்கால விசா எடுத்துக்கொண்டு வா என்று நிபந்தனை வைப்பது முறையன்று.

செங்கன் விசாப் படிவத்தில் உடுக்குறியிட்ட (*) பெட்டிகளை ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர் நிரப்பத் தேவையில்லை. தொழில், செலவுக்கான பணம், அழைப்பாளர் போன்ற விபரங்கள் அவற்றில்தான் கேட்கப்படுகின்றன. பயணக் காப்புறுதியும் கட்டாயமல்ல. தனியார் விசாச் சேவை நிலையத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. சேவைக் கட்டணம் இல்லாமல் தூதரகத்தில் நேரடியாக ஒப்படைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நடைமுறையில் நிலைய ஊழியர்களுக்கு இது தெரியாமலிருப்பதால், தூதரகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, "2004/38 பணிப்புரையின் கீழ் குடும்ப உறுப்பினராக விண்ணப்பிக்கிறேன்" என்று குறிப்பிட்டு, வரும் பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது உதவும்.

கொடுக்கவேண்டியவை அதிகமில்லை: கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், துணையின் கடவுச்சீட்டுப் பிரதி, அவர் அந்த நாட்டில் வாழ்கிறார் அல்லது உங்களோடு அங்கு பயணிக்கிறார் என்பதற்கான ஆதாரம். வங்கிக் கணக்கும் வேலைக் கடிதமும் கேட்டால், எந்த உறுப்புரையின் கீழ் கேட்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அவை கையில் தயாராக இருந்தால் கொடுத்துவிட்டு வேலையை முடிப்பதும் ஒரு வழிதான். உரிமைக்காக வாதாடுவதா, விசாவை எடுத்துக்கொண்டு போவதா என்பது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது.

பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி பிரான்ஸுக்கே செல்வதென்றால் இவை எதுவும் பணிப்புரையின்படி பொருந்தாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அது அவருடைய சொந்த நாடு.

வந்த பிறகு

முதல் மூன்று மாதங்கள் கடவுச்சீட்டைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. அதற்குப் பிறகு தொடர்ந்து வாழ்வதற்கு, உங்கள் துணை நான்கு வகைகளில் ஒன்றில் இருக்கவேண்டும்: வேலை செய்பவர், சுயதொழில் செய்பவர், மாணவர், அல்லது போதிய பணமும் முழுமையான மருத்துவக் காப்புறுதியும் உள்ளவர். உங்கள் உரிமை முழுவதும் இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது. அதிகாரி உங்களைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும், கோப்பில் உண்மையில் பரிசீலிக்கப்படுவது உங்கள் துணையின் நிலையே.

வேலை செய்பவர் என்றால் முழுநேர வேலை தேவையில்லை. உண்மையான வேலையாக, பெயருக்கு மட்டும் செய்வதாக இல்லாமல் இருந்தால், பகுதிநேர வேலையும் போதும். வேலை செய்பவர் தனியாகக் காப்புறுதியை நிரூபிக்கவேண்டும் என்று பணிப்புரை கேட்கவில்லை. அந்த நிபந்தனை மாணவர்களுக்கும் சொந்தப் பணத்தில் வாழ்பவர்களுக்கும் உரியது. சொந்தப் பணத்தில் வாழ்பவரின் விடயத்தில் பணம் உங்களிடமிருந்து வருவதாக இருந்தாலும் ஏற்கப்படும். ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவர் தன் விருப்பமின்றி வேலையிழந்து, வேலை தேடுபவராகப் பதிவுசெய்தால், தொழிலாளர் என்ற நிலை தொடரும். ஓராண்டுக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் அது குறைந்தது ஆறு மாதங்களுக்கு நீடிக்கும். ஆகவே வேலை போன அன்றே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சென்று பதிந்துகொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது மனைவியின் அல்லது கணவனின் வதிவிடத்தையே ஆட்டம்காணச் செய்யும்.

வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க, வந்திறங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று மாத அவகாசம் தரப்படவேண்டும். விண்ணப்பித்தவுடனேயே அதற்கான அத்தாட்சிப் பத்திரத்தைத் தரவேண்டும். ஆறு மாதங்களுக்குள் அட்டையை வழங்கவேண்டும். கட்டணம் எடுத்தால், அந்த நாட்டுக் குடிமக்கள் அதையொத்த அட்டைக்குச் செலுத்துவதைவிட அதிகமாக எடுக்கக்கூடாது. ஜேர்மனியில் முதலில் நகர அலுவலகத்தில் இருவரும் முகவரியைப் பதிந்துவிட்டு, பின்னர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அட்டை கேட்கவேண்டும்.

அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் வேலைக்குப் போகக்கூடாது என்று நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். வதிவிட உரிமை அட்டையால் பிறப்பதல்ல. அது ஏற்கெனவே இருக்கும் உரிமைக்கு அத்தாட்சி மட்டுமே. வேலை செய்யும் உரிமை 23ஆம் உறுப்புரையின்படி உங்களுக்கு உண்டு. ஆனால் முதலாளிமார் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்க்கிறார்கள் என்பதால், விண்ணப்ப அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதைக் காட்டுங்கள்.

அட்டை பொதுவாக ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 2021 ஆகஸ்ட் 2 முதல் வழங்கப்படும் அட்டைகள் எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில் உள்ளன. அவற்றில் பணிப்புரையின் 10ஆம் உறுப்புரை குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு இருந்தால், துணையோடு சேர்ந்தோ அவரிடம் போய்ச் சேர்வதற்கோ மற்ற உறுப்பு நாடுகளுக்கு விசா இல்லாமல் செல்லலாம். உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட சாதாரண வதிவிட அட்டையை இதற்குப் பதிலாகத் தந்துவிடுகிறார்களா என்பதை, வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பேசிச் செய்த திருமணமும் போலித் திருமணமும்

வதிவிடத்துக்காக மட்டும் செய்த திருமணத்தை 35ஆம் உறுப்புரையின்படி மறுக்கலாம். தரகர் வழியாகவோ பெரியவர்கள் பேசியோ செய்த திருமணங்களில் இருவரும் சிலமுறை மட்டுமே நேரில் சந்தித்திருப்பதால், இந்தச் சந்தேகம் நம்மவர்கள் மீது அடிக்கடி விழுகிறது. பேசிச் செய்த திருமணம் உண்மையான திருமணம்தான் என்று ஆணைக்குழு 2014இல் வெளியிட்ட கைநூல் தெளிவாகச் சொல்கிறது. போலி என்று நிறுவும் பொறுப்பும் அதிகாரிகளுடையதே. ஆயினும் நேர்காணலில் கணவன் ஒன்றும் மனைவி இன்னொன்றும் சொன்னால் கோப்பு தடுமாறும். நிச்சயதார்த்தம், மணநாள், இரு வீட்டாரின் படங்கள், விமானச் சீட்டுகள், தொலைபேசி உரையாடற் பதிவுகள் ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். மனப்பாடம் செய்த பதில்கள் வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது யாருக்கும் இயல்பானதே.

சொந்த நாட்டுக்குத் திரும்புதல்

ஒன்றியக் குடிமகன் இன்னொரு நாட்டில் துணையோடு வாழ்ந்துவிட்டுத் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பினாலும், துணையையும் ஒன்றியச் சட்டத்தின் கீழ் அழைத்துச் செல்லலாம். 1992இல் சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் இது தீர்மானிக்கப்பட்டது. அவர் தம் பிரித்தானிய மனைவியுடன் ஜேர்மனியில் வேலை செய்துவிட்டுப் பிரித்தானியாவுக்குத் திரும்பியவர். 2014இல் வந்த இன்னொரு தீர்ப்பு இதற்கு எல்லை வகுத்தது: வார இறுதிப் பயணங்களும் விடுமுறைகளும் போதா; மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட வதிவிட உரிமையோடு, அங்கு உண்மையில் குடும்பமாக வாழ்ந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டணப் பட்டியல், சம்பளப் பத்திரம், பிள்ளையின் பள்ளிச் சான்று ஆகியவற்றை அந்தக் காலம் முழுவதும் சேர்த்துவையுங்கள். திரும்பிய பின் அவற்றைத் தேடுவது மிகக் கடினம்.

பிரித்தானியக் குடிமக்களுக்கு இந்தச் சட்டம் 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. அன்றைக்கு முன் பிரித்தானியாவில் வாழ்ந்த ஒன்றியக் குடிமக்கள், அந்த நாளுக்கு முன்னரே உருவான திருமண உறவின் அடிப்படையில் மட்டும் துணையை வரவழைக்கலாம். சுவிஸில் இந்தப் பணிப்புரை செல்லாது. ஒன்றியத்துடன் செய்த தனி ஒப்பந்தத்தின்படியே அங்கு வாழும் ஒன்றியக் குடிமக்களின் துணைக்கு உரிமை கிடைக்கிறது. சுவிஸ் குடிமகனின் துணைக்கு அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும்.

உறவு முறிந்தால்

தனித்தனி வீட்டில் வாழத் தொடங்கியதனால் மட்டும் உரிமை போவதில்லை. பெர்லினில் பிரெஞ்சுக் கணவனைப் பிரிந்து வாழ்ந்த செனகல் நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கில் 1985இலேயே இது முடிவாயிற்று: சட்டப்படி மணமுறிவு ஆகும்வரை அவர் மனைவிதான். மணமுறிவுக்குப் பின்னரும் உரிமை நீடிக்கவேண்டுமானால், வழக்குத் தொடங்குவதற்கு முன் திருமணம் மூன்றாண்டுகள் நீடித்திருந்து, அதில் ஓராண்டாவது அந்த நாட்டில் கழிந்திருக்க வேண்டும். அல்லது பிள்ளைகளின் பொறுப்பு உங்களிடம் இருக்கவேண்டும். பிள்ளையை அந்த நாட்டில் சந்திக்கும் உரிமை நீதிமன்றத்தால் வழங்கப்பட்டிருந்தாலும் பொருந்தும். வீட்டு வன்முறைக்கு உள்ளானவருக்கு மூன்றாண்டு நிபந்தனை இல்லை. ஆகவே பொலிஸ் முறைப்பாடும் மருத்துவச் சான்றும் அன்றே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே உள்ள பொறி கொடியது. வழக்குத் தொடங்குவதற்கு முன் ஒன்றியக் குடிமகனான துணை நாட்டைவிட்டுப் போய்விட்டால், உங்கள் உரிமை அவரோடு போய்விடும் என்று 2015இல் தீர்ப்பாயிற்று. வன்முறைக்கு உள்ளானவருக்கு 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு சற்று ஆறுதல் தந்து, நியாயமான காலத்துக்குள் வழக்குத் தொடர இடம்விட்டிருக்கிறது. மற்றவர்கள், துணை பெட்டி கட்டுவதைக் கண்டால் சட்டத்தரணியைச் சந்திக்கத் தாமதிக்கக்கூடாது. மணமுறிவுக்குப் பின் நீங்களே வேலை செய்தோ போதிய பணம் காட்டியோ வாழவேண்டும். துணை இறந்துவிட்டால், அதற்கு முன் ஓராண்டு அந்த நாட்டில் வாழ்ந்திருப்பவரின் உரிமை தொடரும்.

ஐந்தாண்டுகள் தொடர்ந்து சட்டபூர்வமாக வாழ்ந்தால் நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும். அதன் பிறகு மேற்சொன்ன நிபந்தனைகள் எவையும் இல்லை. ஆண்டொன்றுக்கு மொத்தம் ஆறு மாதங்கள் வரை வெளியே இருந்தாலும் தொடர்ச்சி முறியாது. பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற முக்கிய காரணத்துக்காக ஒருமுறை தொடர்ந்து 12 மாதங்கள் வரை இருக்கலாம். பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துத் திரும்பும் நாளைத் தீர்மானிக்கவேண்டும். நிரந்தர அட்டை பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். தொடர்ந்து இரண்டாண்டுகளுக்கு மேல் நாட்டில் இல்லாவிட்டால் உரிமை இழக்கப்படும்.

மறுத்தால்

மறுப்பு எழுத்தில், காரணத்தோடு, மேன்முறையீடு செய்யும் இடமும் கால எல்லையும் குறிப்பிட்டுத் தரப்படவேண்டும். வாய்ச்சொல்லாக மறுத்தால், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். நாட்டைவிட்டுப் போகச் சொன்னால், அவசர நிலை நிறுவப்பட்டாலன்றி, குறைந்தது ஒரு மாத அவகாசம் தரவேண்டும். ஒன்றியச் சட்டத்தைத் தவறாக நடைமுறைப்படுத்தும் அலுவலகங்களின் மீது முறையிட சொல்விற் (SOLVIT) என்ற இலவசச் சேவை ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் உள்ளது. விசா தாமதம், அட்டைத் தாமதம் போன்றவற்றில் அது பயன் தருவதுண்டு. நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கிவிட்டால் சொல்விற் அந்த முறைப்பாட்டை எடுக்காது. அங்கே முறையிட்டிருப்பதால் மேன்முறையீட்டுக் கால எல்லை நிற்கப்போவதும் இல்லை. ஆகையால் மறுப்புக் கடிதத்திலுள்ள கடைசித் திகதியை முதலில் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, சட்டத்தரணி ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டு, அந்த நாளுக்குள் சொல்விற் பதில் வராவிட்டால் மேன்முறையீட்டை ஒப்படைத்துவிடுங்கள்.